கல்விக்குக் கொடுப்பது எதுவரை?

 

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு பெற்றோரும் பிள்ளைகளும் நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். கல்லூரியில் சேர்த்துவிட ஊரில் எல்லோருக்கும் மனம் இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் பணம் அனுப்புகிறார்கள். கடைக்காரர்கள் கையில் இருப்பதைத் தருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நவம்பரில் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. தேவை தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். விடுதிப் பாக்கி, பஸ் செலவு, மூன்றாம் ஆண்டின் ப்ராஜெக்ட் செலவு என்று சேர்ந்து, சில பிள்ளைகள் சத்தமில்லாமல் படிப்பை விட்டு விடுகிறார்கள்.

கல்விக்கான கொடை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வரும் கொடையாக இருக்கக் கூடாது. பட்டப்படிப்பு, அதன் பின் ஆய்வு, அந்த ஆய்விலோ திறமையிலோ இருந்து பிறக்கும் புதிய தொழில் ஆகிய மூன்று படிகளிலும் அது கூட வர வேண்டும். மூன்றுக்கும் தேவைப்படும் பணத்தின் தன்மை வேறு வேறு. இதைப் புரிந்துகொள்வதே இம்மாதப் பாடம்.

மூலதனத்தை நிறுத்தி, பலனைக் கொடுத்தல்

கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும் வழியை நபியவர்கள் காட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகப் போகாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படாது. வக்ஃப் என்னும் ஏற்பாட்டுக்கு இச்சம்பவமே பெரும் ஆதாரம். பக்தாதில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியர் ஊதியமும் மாணவர் செலவும் வக்ஃப் வருமானத்திலிருந்தே வந்தன. 1259இல் மராகாவில் நஸீருத்தீன் தூஸி தலைமையில் கட்டப்பட்ட வானாய்வுக்கூடமும் வக்ஃப் வருமானம் பெற்று நடந்தது. நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றிவருவதை விளக்கிய மருத்துவர் இப்னுன் நஃபீஸ், தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதிவைத்துவிட்டு 1288இல் மறைந்தார். அறிவைத் தேடுவதற்குச் செலவு செய்வது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலைப் பற்றித் தமிழகம் முழுவதும் சொல்கிறதே, வக்ஃபுக்கு அதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

மருந்துக் கடையிலிருந்து பல்கலைக்கழகம்

நம் காலத்துக்கு அருகில் ஓர் உதாரணம் ஹம்தர்த். ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் 1906இல் பழைய டில்லியில் தொடங்கிய சிறிய யூனானி மருந்துக் கடை அது. நோன்பு திறக்கும்போது நம் வீடுகளில் கலக்கும் ரூஹ் அஃப்ஸா சர்பத் அங்கே பிறந்ததுதான். 1922இல் அவர் மறைந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். துணைவியார் ராபிஆ பேகம் தொழிலைக் கைவிடாமல் காத்தார். மூத்த மகன் ஹகீம் அப்துல் ஹமீத் அதை வளர்த்தெடுத்தார். நிறுவனம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1948ஆம் ஆண்டில் அதை வக்ஃபாக அறிவித்தார். தொழில் தொழிலாகவே நடந்தது. இலாபம் மட்டும் வீட்டுக்குப் போகாமல் சமூகத்துக்குப் போனது.

அந்த இலாபத்தை அவர் செலவிட்ட வகையைக் கவனியுங்கள். மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். யூனானி மருத்துவக் கல்லூரியும் மருந்தியல் கல்லூரியும் கட்டினார். மருத்துவ வரலாற்றுக்கும் மருத்துவ ஆய்வுக்கும் 1962இல் ஒரு நிறுவனம் அமைத்தார். இவையெல்லாம் சேர்ந்து 1989இல் ஜாமிஆ ஹம்தர்த் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயின. வக்ஃபாக அறிவித்ததற்கும் பல்கலைக்கழகம் உருவானதற்கும் இடையே 41 ஆண்டுகள். கல்விக் கொடைக்குப் பொறுமையும் ஒரு மூலதனம்.

தமிழகத்திலும் நம் முன்னோர் இதைச் செய்தார்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும். 1965இல் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. திருச்சிக் கல்லூரிக்கு ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் சேர்ந்து வித்திட்டார்கள். அந்தத் தலைமுறை நிலமும் கட்டிடமும் கொடுத்து வாசலைத் திறந்தது. உள்ளே போன பிள்ளை பாதியில் வெளியேறாமல் பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் பங்கு.

முதல் படி: மாணவர்

ஏழை மாணவருக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். மார்க்கக் கல்வியில் முழுமையாக ஈடுபட்டு, அதனால் சம்பாதிக்க இயலாமல் இருப்பவர் ஜகாத் பெறலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பயனுள்ள உலகக் கல்வி பயிலும் ஏழை மாணவரையும் இக்கால அறிஞர்கள் பலர் இதில் சேர்க்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தை உரியவருக்கு உடைமையாக்கிக் கொடுப்பது நிபந்தனை. ஆகவே கட்டிடத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஜகாத் பணம் செல்லாது. தகுதியுள்ள மாணவரின் கையிலோ அவரது வங்கிக் கணக்கிலோ சேர வேண்டும். உங்கள் கணக்கில் ஐயம் இருந்தால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அரசு தருவதையும் விட்டுவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு என்று ஏதோ ஒன்று குறைவதால் உதவித்தொகையை இழக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் தர்மம்தான். அதற்குப் பணம் தேவையில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.

இரண்டாம் படி: ஆய்வாளர்

நாம் மிகக் குறைவாகக் கொடுக்கும் இடம் இது. மருத்துவம், பொறியியல் என்றால் கை நீளுகிறது. முனைவர் பட்ட ஆய்வு என்றால், “இன்னும் படித்துக்கொண்டா இருக்கிறாய்?” என்று கேட்கிறோம். அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சோடு ஆய்வு முடிந்துவிடுகிறது.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். தகுதி பெற்ற ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்பவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயித்தது 8,000 ரூபாய்தான். சிறுபான்மைச் சமுதாய ஆய்வு மாணவர்களுக்கென்று இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. இந்த இடைவெளியில் விழும் பிள்ளைகளை யார் தாங்குவது?

ஆய்வினால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நம் சமுதாயத்தின் முக்கியத் தொழில்களில் ஒன்று தோல் பதனிடுதல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது; 1996இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. தண்ணீர் சேர்க்காமல் குரோமியப் பதனிடும் முறையைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. தொழிலையும் ஆற்றையும் சேர்த்துக் காப்பாற்ற இப்படிப்பட்ட ஆய்வுகள் வேண்டும். அந்த ஆய்வில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீட்டு அலமாரிகளில் அரபுத்தமிழ்ச் சுவடிகளும் அச்சு நூல்களும் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அதைக் கற்று, படம் எடுத்து, பதிப்பிப்பதும் ஆய்வுதான்.

ஆய்வுக்குப் பெரிய செல்வந்தர்தான் கொடுக்க முடியும் என்பதில்லை. அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க 1938இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அந்நோயால் கால்கள் செயலிழந்த அதிபர் ரூஸ்வெல்ட் அதைத் தொடங்கினார். டாலரில் பத்தில் ஒரு பங்கான ‘டைம்’ நாணயங்களைப் பொதுமக்களிடம் திரட்டினார்கள். தாய்மார்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பணம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோனஸ் சால்க்கின் ஆய்வுக்குச் சென்றது. 1955 ஏப்ரலில் போலியோ தடுப்பூசி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. இடையில் 17 ஆண்டுகள். கொடுத்தவர்கள் அடுத்த மாதமே பலனைக் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே ஆய்வுக்குரிய பணம் ஜகாத்தைவிட வக்ஃபாகவும் ஸதகாவாகவும் இருப்பதே பொருத்தம். ஒரு கடையின் வாடகை ஆண்டுதோறும் வந்தால், மூன்று நான்கு ஆண்டுகள் நீளும் ஓர் ஆய்வைத் தாங்கலாம்.

மூன்றாம் படி: தொழில் முனைவோர்

உதவி கேட்டு வந்த ஒரு அன்ஸாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் அபூதாவூதில் உள்ளது. ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைச் சபையில் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றுக் கொடுத்தார்கள். ஒன்று குடும்பத்தின் உணவுக்கு. மற்றொன்று கோடரி வாங்க. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்று, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் வந்தார்.

இதில் நான்கு பாடங்கள் உண்டு. முதலில் வீட்டுச் செலவு கவனிக்கப்பட்டது. பிறகு தொழிலுக்கான கருவி தரப்பட்டது. கொடுத்தவரே கூட இருந்து கைகொடுத்தார். கணக்குச் சொல்ல நாள் குறிக்கப்பட்டது. இன்று இன்குபேஷன் மையங்கள் செய்வதும் இதைத்தான். கோழி முட்டையை அடைகாப்பது போல, புதிய யோசனையோடு வரும் இளைஞருக்கு இடம், இயந்திரம், வழிகாட்டி, சிறு முதல் ஆகியவற்றைக் கொடுத்துத் தன் காலில் நிற்கும்வரை வைத்திருக்கிறார்கள். வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் வளாகத்திலும் அப்படி ஒரு மையம் உண்டு. புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கும் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப் நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

புதிய தொழில்களில் பல தோற்கும். அதனால்தான் வட்டிக் கடன் இங்கே இரட்டைக் கேடு. தொழில் போன பிறகும் வட்டி நிற்காது. தாயின் நகை அடகுக் கடையிலேயே போய்விடும். நம் மார்க்கம் காட்டும் வழி முளாரபா. ஒருவர் முதல் போடுகிறார், ஒருவர் உழைக்கிறார். இலாபத்தை ஒப்பந்தப்படி பங்கிடுகிறார்கள். அலட்சியமோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் பண நட்டம் முதல் போட்டவருடையது; உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். சிறு தேவைகளுக்கு கர்ளு ஹஸன் என்னும் வட்டியில்லா அழகிய கடன் போதும். தொழில் தெரிந்த ஏழைக்கு அதற்கான கருவி வாங்க ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹப் நூல்கள் இடம் தருகின்றன.

பெரிய நிறுவனம் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அரசு நிதி பெறும் இன்குபேஷன் மையங்களுக்கும் பொதுப் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கும் அதைக் கொடுக்கலாம். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கொடுக்கும் முறை

தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் பாழாக்கிவிடாதீர்கள் என்பது இறைமறையின் எச்சரிக்கை. மேடையில் நிறுத்திக் காசோலை கொடுத்து எடுத்த படத்தை ஒரு பிள்ளை ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே உதவி பெறும் மாணவர் படத்தையோ பெயரையோ இவ்விதழில் நாம் அச்சிடுவதில்லை. கணக்கு மட்டும் வெளிவரும். ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று யாரும் அலுவலகத்தில் கேட்கலாம்.

வரும் ரமளான் முதல், இன்ஷா அல்லாஹ், மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைக்கிறோம். முதலாவது, மாணவருக்கான ஜகாத். இதில் ஒரு பகுதி நவம்பர், ஏப்ரல் தேர்வுக் கட்டணங்களுக்கென்றே ஒதுக்கப்படும், யாரும் மறுபடி வந்து கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆய்வுக்கான வக்ஃப். இதன் முதலைத் தொடமாட்டோம், வருமானத்தை மட்டும் செலவிடுவோம். மூன்றாவது, தொழில் தொடங்குவோருக்கான பங்கு முதலும் அழகிய கடனும். நீங்கள் கொடுக்கும்போது எந்தக் கணக்குக்கு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

மனிதன் மறைந்தபின் அவனுக்குத் தொடர்ந்து நன்மை சேர்ப்பவை மூன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்: நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆ செய்யும் நல்ல பிள்ளை. கல்விக்கென்று வக்ஃப் செய்பவருக்கு முதல் இரண்டும் ஒரே செயலில் கிடைக்கின்றன. அந்த மாணவர் நன்றியோடு கையேந்தினால், பிள்ளை இல்லாதவருக்கும் துஆ செய்ய ஒரு பிள்ளை உண்டு.

வல்ல ரஹ்மான் நம் செல்வத்தில் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகளின் கல்வியை அவர்களுக்கும் இந்த உம்மத்துக்கும் மனித குலம் முழுமைக்கும் பயனுள்ளதாக ஆக்குவானாக! ஆமீன்.