மாவடு ஜாடியில் ஒரு வேதியியல் பாடம்



வகுப்பில் 'ஆஸ்மாசிஸ்' என்றதும் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்க வீட்டு மாவடு ஜாடியில் வருஷாவருஷம் நடப்பது அதுதான் என்று பிறகு விளங்கியது.

மாசி, பங்குனியில் வரும் வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவ வேண்டும். கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தினம் குலுக்கி வைத்தால் மூன்று நான்கு நாளில் வடு சுருங்கி, தான் விட்ட நீரிலேயே ஊறிக் கிடக்கும். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. அதனால் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. இதுவே சவ்வூடு பரவல். கெடுக்க வரும் கிருமிக்கும் இதே கதிதான்!

பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கடுகுப்பொடி. இதில் கடுகுதான் கெட்டிக்காரன். பச்சையாக இடித்து நீர் பட்டால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற பொருளை உண்டாக்கும். மூக்கில் ஏறும் நெடி அதுதான். பூசணத்தைத் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. வறுத்தால் நொதி செத்துவிடும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கம்மா, "வறுத்தா நெடி போயிடும்டா" என்பாங்க, அவ்வளவுதான்.

என் கட்டணத்தில் பாதி இந்த ஊறுகாய்க் காசு. போன வருஷம் ஒரு கடைக்காரர், "உப்பைப் பாதியாக் குறைங்க, வாங்கிக்கிறேன்" என்றார். அம்மா மறுத்துவிட்டாங்க, காரணம் சொல்லத் தெரியவில்லை. குறைத்தால் சித்திரை வெயிலில் வடு குழைந்து நாறிவிடும். இந்த வருஷம் நான் போய்க் கணக்கோடு விளக்கினேன். பத்து கிலோ எடுத்துக்கொண்டார்.