மைதானம் மாறினாலும் ஜெயிக்கும் மாஸ்டர்கள்

நெய்வேலியில் ஒரு பள்ளி மைதானம். மாலை நாலரை மணி. புதிதாக வந்திருக்கும் பி.டி. மாஸ்டர் இன்னும் விசிலை எடுக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரேயும் மூன்று விவரம் எழுதிக்கொண்டிருக்கிறார். வீடு எந்த வட்டம், சைக்கிள் இருக்கிறதா, அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட். மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் பையனின் அப்பா இரண்டாம் ஷிப்ட் போனால், அந்த வாரம் அவனைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை. இது தெரியாத கோச், இரண்டு நாள் வராதவனை டீமிலிருந்து எடுத்துவிடுவார். நல்ல கோல்கீப்பர் ஒருவன் அப்படியே காணாமல் போவான்.

இந்த மனிதர் இங்கேயும் ஜெயிப்பார் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

ஒரு பள்ளியில் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் நிறைய உண்டு. அடுத்த பள்ளிக்கு மாறியும் வாங்கிக் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பழைய இடத்தில் பலித்த பயிற்சியை அப்படியே புது இடத்தில் இறக்குவதுதான் பலரும் சறுக்கும் இடம். நம் ஊர்ச் சுரங்கத்தையே பாருங்கள். பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியில் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். புது டீமில் முதல் மாதத்து வேலையும் அதுதான்.

இந்தியக் கால்பந்தில் இதற்குப் பெரிய உதாரணம் பி.கே. பானர்ஜி. 1972-ல் ஈஸ்ட் பெங்கால் கோச் ஆனார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய அணி மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது. அடுத்த வருஷமே பரம எதிரியான அந்த மோகன் பகானுக்குப் போனார். கொல்கத்தாவில் இது சாதாரண விஷயமா? 1977-ல் அங்கே ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் என்று மூன்று கோப்பைகளையும் ஒரே சீசனில் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சுக்கு 'வோகல் டானிக்' என்றே பெயர். ஜெர்சியின் நிறம் மாறினாலும், வீரனின் மனதைத் தொட்டுப் பேசும் அந்தத் திறமை அவரோடு கூடவே போனது.

கிளப், தேசிய அணி இரண்டிலும் ஜெயித்த கோச், ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், ஒரு பள்ளி ஆசிரியர். இதை ஒவ்வொரு பி.டி. மாஸ்டரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை. இந்திய அணிக்கு 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம். 1962 இறுதி ஆட்டத்தில், தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். அவர் கோல் அடித்தார், தென் கொரியா 2-1 என்று தோற்றது.

இன்றைய இளைஞர்கள் பின்பற்ற வேண்டிய பாதை காலித் ஜமீலுடையது. 2009 முதல் 2016 வரை மும்பை எஃப்.சி. பணம் குறைவான கிளப், அதை மேல்நிலையில் நிற்க வைத்ததே அவர் வேலை. பிறகு மிசோரமின் ஐசால் எஃப்.சி. ஜெயேஷ் ரானே, ஆஷுதோஷ் மேத்தா என்று தனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சிலர் மும்பையிலிருந்து வந்தார்கள். மற்றபடி உள்ளூர்ப் பையன்களை நம்பினார். 2017-ல் ஐசால் ஐ-லீக் சாம்பியன். அடுத்து ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டிலும் அவருக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை. நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் 2021-ல் பாதி சீசனில் பொறுப்பேற்று, ஐ.எஸ்.எல். பிளே-ஆஃபுக்கு அணியைக் கொண்டுபோன முதல் இந்திய கோச் ஆனார். அடுத்த சீசனில் அதே அணி பத்தாவது இடம். அதன்பின் ஜாம்ஷெட்பூரில் எழுந்தார். 2025 ஆகஸ்டில் தேசிய அணிக்கே கோச். நடுவில் விழுந்த வருஷங்களைச் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. அங்கேயும் இதே கதைதான். நிக் சேபன் என்ற கோச் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2003-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிறகு அலபாமாவுக்கு ஆறு. இடையில் மயாமியின் தொழில்முறை அணியில் இரண்டு வருஷம் சோபிக்கவில்லை.

சரி, கோச் ஆக நினைக்கும் உங்கள் விஷயத்துக்கு வருவோம். பள்ளி வேலைக்கு பி.பி.எட். போன்ற உடற்கல்விப் படிப்பு வேண்டும். 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளப், அகாடமி என்று போக நினைத்தால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் ஆரம்பித்து சி, பி, ஏ என்று ஏறுங்கள். பயிற்சியாளர் பட்டயம் தேவை என்றால் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம். டி லைசென்ஸைத் தள்ளிப் போடாதீர்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், "எங்க பழைய ஸ்கூல்ல இப்படித்தான்" என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. பிள்ளைகளுக்கு அது குத்தும். மைதானத்துக்குக் கோடு போடும் அண்ணனிடம் முதலில் பேசுங்கள், எந்தப் பக்கம் செம்மண் இறுகிக் கிடக்கிறது, மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். தலைமையாசிரியரிடம் கோப்பை தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி, டென்த் பிள்ளைகளை எந்த மாதம் வரை விடுவார்கள், இந்த இரண்டையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

கிளம்பும் விதமும் முக்கியம். அந்த நெய்வேலி மாஸ்டரிடம் அவருடைய பழைய பள்ளியின் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அடுத்து வந்த சாரிடம் கொடுத்துவிட்டாராம். கூடவே ஸ்டோர் ரூம் சாவியும், காற்று இறங்கும் மூன்று பந்துகள் எவை என்ற குறிப்பும்.