கோப்பில் எழுதுதலும் இறுதியில் சேர்த்தலும்

பெங்களூர்த் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்ச் சாசனங்கள் பல உள்ளன. 1270ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, அழகியார் என்பவர் இரு நிலைக்கால்களைக் கொடையளித்த செய்தியைக் கூறுகின்றது. 15ஆம் நூற்றாண்டில், விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் காலத்துக் கொடையும் அங்கே பொறிக்கப்பட்டது. அதற்கு இடம் வேண்டி அழகியாரின் சாசனத்தை எவரும் செதுக்கி நீக்கவில்லை. கணிப்பொறியில் ஜாவா மொழிகொண்டு எழுதப்படும் கோப்போ அத்தகையதன்று. சேர்க்குமாறு வெளிப்படையாகப் பணித்தாலன்றி, அது முன்னுள்ளதை அழித்துவிட்டே எழுதும்.

ஜாவாவில் ‘ஃபைல்ரைட்டர்’ என்னும் கருவி இப்பணிக்கு வழங்குகின்றது. கோப்பின் பெயரை மட்டும் அதற்குக் கொடுத்தால், திறந்த கணமே கோப்பு வெறுமையாகிவிடும். ஓர் எழுத்தும் எழுதாவிடினும் பழையது போனது போனதே. மழைமானி அளவை நாள்தோறும் இவ்வாறு பதிவு செய்யும் பணியாளரின் கோப்பில், ஜூன் 30ஆம் நாளன்று அந்த ஒரு நாளின் அளவு மட்டுமே எஞ்சியிருக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாதாகையால், மாத இறுதியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் இழப்புத் தெரியவரும்.

பெயரை அடுத்து ‘ட்ரூ’ என்னும் சொல்லை இட்டால், புதியது கோப்பின் இறுதியில் சேரும். அச்சொல்லுக்கு ‘மெய்’ என்பதே பொருள். சேர்த்தல் என்னும் கருத்து அதில் எங்கும் இல்லை. எனவே, 2011இல் ஜாவா 7 உடன் வந்த ‘ஃபைல்ஸ்’ தொகுதியில் ‘அப்பெண்ட்’ என்று வெளிப்படக் குறிப்பதே மாணவர்க்கு விளங்கும். ஆயின், கோப்பு முன்னரே இல்லாவிடில் அது பிழை காட்டும். ஆகவே ‘கிரியேட்’ என்பதையும் உடன் சேர்த்தல் வேண்டும்.

சேர்க்கும்போது புதுவரி தானே தொடங்குவதில்லை. 12.4 என்பதன்பின் 8.0 என்று சேர்த்தால் 12.48.0 என்றாகும், வரிமுறிவை நாமே இடுதல் வேண்டும். மேலும், எழுதியது சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கக்கூடும். கோப்பை மூடாமல் நிரல் முடிந்தால் கடைசி வரிகள் தட்டில் ஏறாமற்போகலாம். ‘ட்ரை’ என்பதை அடுத்த அடைப்புக்குறிக்குள் கோப்பைத் திறந்தால், இடையில் பிழை நேரினும் அது தானே மூடப்படும்.

தமிழில் எழுதுவோர் குறியீட்டு முறையையும் கவனித்தல் வேண்டும். 2022இல் வெளியான ஜாவா 18 முதல் யூ.டி.எஃப்-8 இயல்பு முறையாயிற்று. அதற்கு முன் அது இயக்கமுறைமையைப் பொறுத்தது. ஆதலால் சில கணிப்பொறிகளில் தமிழெழுத்துகள் வினாக்குறிகளாகவே பதிவாகும், அவற்றை மீட்க வழியில்லை. ஜாவா 11 முதல் ‘ஃபைல்ரைட்டர்’ கருவியிலேயே குறியீட்டு முறையைக் குறிக்கலாம். அதனினும் பழைய பதிப்புகளில் ‘அவுட்புட்ஸ்ட்ரீம்ரைட்டர்’ கருவியை உபயோகித்தல் வேண்டும்.