ஊசியில் நூலை அவர் கோக்கட்டும்

கேள்வி: என் வீட்டுக்காரர் 18 வருஷமாகப் பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட் வேலை. அமெரிக்க ஆர்டர் குறைந்துவிட்டது என்று கம்பெனியில் முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். பிறகு, "வேலை வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. விடிந்தும் பாயைச் சுருட்டுவதில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். வீட்டில் ஒரு கால் மிஷின் இருக்கிறது. அதன் மேல் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது. பையனின் யூனிபார்ம் பேன்ட்டில் மடிப்புத் தையல் விட்டுப்போனபோது நான்தான் ஊக்கு குத்திப் பள்ளிக்கு அனுப்பினேன். வேலை தேடிப் போகச் சொன்னால், "மனசு சரியாகட்டும், போறேன்" என்கிறார். அவருக்கு எப்படி நம்பிக்கை ஊட்டுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த ஊக்குதான். தைத்துத் தைத்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர் பக்கத்தில் படுத்திருக்க, மகனின் பேன்ட்டை ஊக்கு தாங்கியிருக்கிறது. ஆனால், அவர் எழுந்து வரும் வழியும் அந்தப் பேன்ட்டிலேயே இருக்கிறது.

வேலை போனது அவர் கை சரியில்லாததால் அல்ல. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானது. அந்த ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின. வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு உங்கள் வீட்டுக்காரர் தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறார். இதை ஒருமுறை, அமைதியாக, அவரிடம் சொல்லுங்கள்.

"மனசு சரியாகட்டும், போறேன்" என்பது சாக்கு இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்புகிறார். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்: மனம் தெளிந்தால் கை தானாக ஓடும் என்று. ஆனால், மனம் சோர்ந்துபோனால் பெரும்பாலும் கைதான் முதலில் ஓட வேண்டும். மனம் பின்னால் வரும்.

யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போன நாள்களில் பத்து மணி டீ, பக்கத்து மிஷின்காரரோடு பேச்சு, இன்றைக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கு, சனிக்கிழமை கையில் வரும் சம்பளம் என்று மனதுக்குத் தினமும் தீனி கிடைத்தது. அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின. தீனி இல்லாததால் மனம் துவள்கிறது, துவண்டதால் படுக்கிறார், படுத்திருப்பவருக்கு எந்தத் தீனியும் வருவதில்லை. இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களிலேயே விளக்கினார். 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவர் குழுவினரும் மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். அன்றாடச் செயல்களை மட்டும் மீட்டுக்கொடுத்த சிகிச்சை, எண்ணங்களையும் சேர்த்துத் திருத்திய முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது.

அதனால் நம்பிக்கையைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம். ஒரு வேலையைக் கொடுங்கள். "தம்பிக்கு நாளைக்கு ஸ்கூலுக்கு இந்தப் பேன்ட் வேணும், மடிப்பு மட்டும் அடிச்சுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அவருக்குத் தெரிந்த வேலை. முடித்ததைக் கண்ணால் பார்க்கலாம், காலையில் மகன் அதைப் போட்டுக்கொண்டு கிளம்புவான். முதல் நாள் மறுத்தால் சண்டை வேண்டாம், மறுநாள் கேளுங்கள்.

அடுத்து, ஏழு மணிக்குப் பாய் சுருட்டுவது, டீயைக் கடையில் போய்க் குடிப்பது. ஒரு நோட்டில் அன்று செய்ததையும், செய்த பிறகு மனம் பத்துக்கு எத்தனை என்பதையும் அவரே எழுதட்டும். தைத்த நாளுக்கும் படுத்திருந்த நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய கையெழுத்தே அவருக்குக் காட்டும். இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதில் தொடங்கலாம். நாளுக்கு இரண்டு பேருக்கு மட்டும் போன் செய்து, உள்நாட்டு ஆர்டர் எடுக்கும் யூனிட்டுகளில் ஆள் தேவையா என்று கேட்கட்டும்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்திருந்தால், கிளை அலுவலகத்துக்கு இருவரும் போய், வேலை இழந்தவர்களுக்கான அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவைப் பற்றிக் கேளுங்கள். 2018இல் தொடங்கிய திட்டம் இது. தகுதி உள்ளவர்களுக்குச் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் வகையில் 2020இல் உயர்த்தினார்கள். இப்போதைய நிபந்தனைகளை அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, குடி கூடியிருந்தாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினாலோ, பேன்ட் தைத்துக் குணமாகும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். நீங்கள் சோர்ந்தாலும் அதே எண்ணை அழையுங்கள்; இந்த இரண்டு மாதமாக வீட்டைச் சுமப்பவர் நீங்கள்தான்.

2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும் உங்கள் ஊரின் மிஷின்கள் நின்றன; பிறகு ஓடின. மறுபடி கூப்பிடும்போது அவர் கை பழக்கத்தில் இருக்க வேண்டும். இன்றிரவு அந்தக் கால் மிஷின் மேல் கிடக்கும் துணிகளை மடித்து எடுத்து வையுங்கள். எண்ணெய் விட்டு, பேன்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். ஊசியில் நூலை மட்டும் நீங்கள் கோக்காதீர்கள். அதை அவர் கோக்கட்டும்.