வீட்டுத்தோட்டப் பாடம்: சாடியில் மிளகாய்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று குடியிருக்கும் எமது குடும்பங்களில் பல, ஒரு காலத்தில் தோட்டம் செய்த குடும்பங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009 இல் வன்னியிலிருந்தும் எழும்பி வந்தவர்கள். இவர்களிடம் போய் "ஒரு சாடியில் மிளகாய் நட்டுப் பாருங்கள்" என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயமுண்டு. இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் நட்டால் ஒரு பரப்புக் காணியில் தொள்ளாயிரம் கன்றுகள் நிற்கும். பல பரப்பில் மிளகாய் வைத்து, இறைத்து, பழம் பிடுங்கி, முற்றம் நிறையக் காயவிட்ட கைக்கு நாலு சாடி விளையாட்டாகத்தான் தோன்றும்.

1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் செத்தல் மிளகாய் விற்ற காசில் வடக்கில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. இன்று நாட்டுக்கு வேண்டிய செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. ஆகவே முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தொடர்மாடிப் பல்கனியில் தூளுக்கு மிளகாய் விளைவிக்க முடியாது. ஒரு கிலோ செத்தலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பழம் வேண்டும். சாடிகள் அதற்குப் போதா. நாம் சொல்வது அன்றாடச் சம்பலுக்கும் கறிக்கும் வேண்டிய பச்சை மிளகாயைப் பற்றி. அதைவிட முக்கியமாக, விதையைப் பற்றியும் கைப்பழக்கத்தைப் பற்றியும். கொழும்பில் பிறந்த பேரப்பிள்ளைக்கு மிளகாய் காலி வீதிக் கடையில் கிடைக்கும் என்று தெரியும். அதன் பூ வெள்ளை என்பதோ, இலை எந்தப் பக்கம் சுருண்டால் என்ன வருத்தம் என்பதோ தெரியாது. இவற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடியவர் அதே வீட்டில், கதிரையில், வேலையின்றி இருக்கிறார்.

ஆனால் ஊரில் பெற்ற அறிவு அப்படியே இங்கே செல்லாது. முதலாவது வித்தியாசம் காற்று. யாழ்ப்பாணத்தில் மாரி மழை ஓய்ந்து தை மாதத்தில் கன்று நடுவோம். சோளகம் வீசத் தொடங்கினால் நிலம் காயும், பழம் முற்றும், செத்தல் நன்றாகக் காயும். அதே சோளகம் வெள்ளவத்தைக்கு மே மாதத்தில் மழையோடு வருகிறது. ஊரில் பழம் காய உதவிய காற்று இங்கே பழத்தை அழுகவைக்கும். ஆகவே கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டு, தை பிறக்கும்போது சாடிக்கு மாற்றிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் நன்றாகக் காய் பிடுங்கலாம். மே மழை தொடங்கியதும் சாடியைத் தாழ்வாரத்தின் கீழ் இழுத்துவிட வேண்டும். தோட்டக் கன்றை இழுக்க முடியாது, சாடியை இழுக்கலாம். இந்த ஒரு விடயத்தில் சாடிக்காரர் தோட்டக்காரரை வென்றுவிடுகிறார்.

இரண்டாவது வெயில். நாளொன்றுக்கு ஆறு மணித்தியால நேர்வெயில் கிடைக்காத இடத்தில் மிளகாய் வளரும், காய்க்காது. நாலு பக்கமும் உயர்ந்த கட்டிடங்கள் உள்ள ஒழுங்கைகளில் பல்கனியை விட மொட்டைமாடியே நல்லது. வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. இலை நுனி கருகினால், மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, கடல் பக்கத்துக்கு ஒரு பழைய சாக்கை மறைப்பாகக் கட்டுங்கள். கடலுக்குக் கிட்டிய சில கிணறுகளின் நீர் உவர். வாயில் விட்டுப் பார்த்து உவர்த்தால் மிளகாய்க்கு ஊற்ற வேண்டாம்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை என்ற பெயருக்கே சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள். இங்குள்ள மணலில் தண்ணீரும் நிற்காது, பசளையும் நிற்காது. செம்மண்ணில் பழகியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலவுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். கத்தரி, தக்காளி நின்ற பழைய சாடி மண்ணை எடுக்க வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், வருத்தமும் ஒன்றுதான். சாடி ஒரு அடி அகலமும் ஒரு அடி ஆழமும் இருந்தால் போதும். 25 கிலோ அரிசிப் பையை மடித்து வைத்தாலும் சரி, உடைந்த வாளியானாலும் சரி, அடியில் துளை வேண்டும்.

நாற்றுக்குத் தேங்காய்ச் சிரட்டையே நல்லது. கண்ணைத் துளைத்து, மண் நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளைக்கும். தண்ணீர் அதிகமானால் நாற்று தண்டடியில் அழுகி விழும். நாலைந்து வாரத்தில், ஒரு மாலைப் பொழுதில், வேர் கலையாமல் சாடிக்கு மாற்றி மூன்று நாள் நிழலில் வையுங்கள். முதலில் வரும் சில பூக்களைக் கிள்ளிவிட்டால் கன்று கிளைவிட்டுப் பலப்படும்.

தோட்டத்தில் நாலைந்து நாளுக்கொருமுறை இறைத்தவர்கள் சாடிக்கும் அப்படியே செய்யப் பார்ப்பார்கள். சாடி வெயிலில் ஒரே நாளில் காயும். காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் கீழ் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பூவும் பிஞ்சும் கொட்டும். சாடியின் கீழ் தட்டு வைப்பவர்கள் அதில் நிற்கும் நீரைத் தினமும் ஊற்றிவிடுங்கள். 2017 இல் இலங்கையில் டெங்குக் காய்ச்சல் என 1,86,000 பேருக்கு மேல் பதிவானார்கள். நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரமளவு போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருப்பது அயலவருக்குச் செய்யும் அநியாயம்.

பசளைக்கு, இரண்டு வாரத்துக்கொருமுறை ஒரு கை கூட்டெரு. காய்க்கத் தொடங்கிய பின் ஒரு கரண்டி விறகுச் சாம்பல். யூரியா கைவசம் உள்ளவர்கள் அதைக் கூட்டிப் போட வேண்டாம். கன்று கரும்பச்சையாய்த் தழைத்து நிற்கும், காய் இருக்காது.

இனி இலைச்சுருள். எமது பெரியவர்களுக்கு இதைப் பற்றி நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் இளையவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். இலை மேல்நோக்கித் தோணிபோல் மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் குடைபோல் கவிழ்ந்து இலைக்காம்பு நீண்டால் சிற்றுண்ணி. குருத்து மஞ்சளித்து, இலை சிறுத்து, கன்று குறுகினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்தில்லை, பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். முதலிரண்டுக்கும் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுவதே முதல் வைத்தியம். அது போதாவிட்டால் 50 கிராம் இடித்த வேப்பம்பருப்பை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். வாரமொருமுறை, மூன்று தரம். வேப்பங்கொட்டையை ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம்.

பூச்சி மருந்துப் போத்தல் மட்டும் வேண்டாம். மிளகாய்க்கு நாம் தாராளமாக அடித்த மொனோகுரோட்டொபொஸ் 1995 இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டில் தற்கொலைகள் மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட பின் அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. இடம்பெயர்ந்து, கடன்பட்டு, நெருக்கமான இரண்டு அறைகளுக்குள் வாழும் குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என நினைக்கிறோம். தோட்டத்தில் நஞ்சு கொட்டிலில் இருந்தது. இங்கே அது குசினி அலுமாரியில்தான் இருக்கும்.

பச்சையாய்ப் பிடுங்கப் பிடுங்கக் கன்று மேலும் பூக்கும். கறிமிளகாய்க்கும் இதே பராமரிப்புத்தான். எம்.ஐ-2 போன்ற மகா இலுப்பள்ளம இனங்களோடு ஒரு கொச்சி மிளகாயும் வையுங்கள். அது மழையை ஓரளவு தாங்கும், கவனித்தால் சில ஆண்டுகள் நிற்கும், சாடியில் பறவைக்கும் பிள்ளைக்கும் அழகு.

விதைக்கு வருவோம். கடையில் வாங்கும் கலப்பின விதையின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது; பழைய இனம் யாரிடமாவது இருந்தால் அதையே தேடுங்கள். ஊரில் தங்கிய உறவினரிடம் கேட்டால் பத்து விதை ஒரு கடிதவுறைக்குள் வந்து சேரும். மிளகாய் தன் பூவிலேயே கருக்கொள்ளும், ஆனாலும் தேனீ கலந்துவிடும். நோயில்லாத நல்ல கன்றில் ஒரு கிளையை, பூ விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடிக் காலையில் மெதுவாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்புகளில் நூல் கட்டுங்கள். அவற்றை யாரும் சம்பலுக்குப் பிடுங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். நன்றாகச் சிவந்தபின் பிடுங்கி, நிழலில் காயவைத்து, விதையெடுத்து, சாம்பலோடு மூடியிறுக்கமான சிறு போத்தலில் போடுங்கள். இரண்டு மூன்று ஆண்டு முளைதிறன் இருக்கும். அதற்கிடையில் ஒருமுறையாவது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். போத்தலில் இனத்தின் பெயர், எடுத்த ஆண்டு, எந்த ஊர் விதை என்பவற்றை எழுதுங்கள். விதை எடுத்த கைக்குத் தண்ணீருக்கு முன் தேங்காயெண்ணெய் பூசிக் கழுவினால் எரிவு குறையும். பிள்ளைகள் செய்தால் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.