அயோடின்: அளவிற் சிறிது, பயனிற் பெரிது

மனித உடலுக்கு மாவுச்சத்தும் புரதமும் கிராம் கணக்கில் தேவைப்படுகின்றன. வைட்டமின்களும் தாதுப் பொருள்களும் மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகின்றன. எனினும், அந்தச் சிறிய அளவு குறைந்தால் விளையும் கேடு பெரிது. இதற்கு அயோடின் சிறந்த எடுத்துக்காட்டாகும். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது நான்கு கிராமை எட்டாது.

குறைபாட்டின் விளைவுகள்

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டே தன் இயக்குநீரை உருவாக்குகிறது. அயோடின் போதாதபோது சுரப்பி வீங்குகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை. கண்ணுக்குத் தெரியும் இவ்வீக்கத்தினும் கொடியது கருவிலிருக்கும் குழந்தைக்கு நேரும் கேடு. தாய்க்குக் கடுமையான அயோடின் குறைபாடு இருப்பின் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். செவிட்டூமை நிலையும் ஏற்படலாம். பிறந்த பின் அளிக்கும் சிகிச்சையால் இச்சேதத்தை முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

காங்ரா காட்டிய வழி

இமயமலைப் பகுதிகளில் பனியாறுகளும் மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிட்டன. அம்மண்ணில் விளையும் தானியங்களிலும் அச்சத்துக் குறைவாகவே உள்ளது. இன்று இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல் ஆராய்ந்தபோது, அயோடின் சேர்த்த உப்பைப் பெற்ற பகுதிகளில் கழலை நோய் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்றப் பகுதியில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

தேசியத் திட்டம்

1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சமவெளிகளிலும் கடலோரங்களிலும் இக்குறைபாடு உண்டெனப் பின்னர் தெரியவந்தது. எனவே, உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்க்க 1984-இல் முடிவு செய்யப்பட்டது. 1992-இல் திட்டம், அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் குறிக்கும் பெயரைப் பெற்றது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென விற்பதற்கு 2006-இல் நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டது.

இல்லம் வரை

மக்களைச் சென்றடையும் உப்பில் பத்து லட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருத்தல் வேண்டும். 2018-19-ஆம் ஆண்டின் அயோடின் ஆய்வின்படி, இந்திய இல்லங்களில் 76.3 விழுக்காடு இத்தகைய உப்பைப் பயன்படுத்தின. உப்பு உற்பத்தியில் முன்னணியிலுள்ள தமிழ்நாட்டில் இது 61.9 விழுக்காடாக, மாநிலங்களிலேயே மிகக் குறைவாக இருந்தது. உப்பளங்களை அடுத்து வாழ்வோர்க்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு எளிதில் கிடைப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

ஈரமும் வெப்பமும் உப்பிலுள்ள அயோடினைக் குறைக்கும். ஆகவே, உப்பை மூடிய கலத்தில், அடுப்பிலிருந்து விலக்கி வைத்தல் நன்று. அயோடினுக்காக உப்பை மிகுதியாக உண்ண வேண்டுவதில்லை; உண்ணும் உப்பு அயோடின் சேர்த்ததாக இருந்தால் போதும். தொழிற்சாலையில் சேர்த்த சத்து கருவுற்ற தாயின் உணவை அடையும்போதுதான் திட்டம் பயன் தருகிறது. உப்பைச் சோதிக்கும் அலுவலரும், விற்கும் வணிகரும், வாங்கும் குடும்பமும் அதற்குச் சமப் பொறுப்புடையோர் ஆவர்.