கம்ப்யூட்டருக்கு ஒரு காற்றுக் குழாய்

சித்திரை வெயிலில் டெஸ்க்டாப்பின் ஃபேன் இரைகிறதா? பெரும்பாலும் ஃபேன் மேல் குற்றமில்லை. கேபினெட்டுக்குள் சுற்றும் சூடான காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்கிறது. வெளிக்காற்றை நேராகக் கொண்டுவந்தால் போதும். பென்டியம் 4 காலத்துக் கேபினெட்டுகள் பலவற்றில் பக்கவாட்டுக் கதவிலேயே இதற்கென ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது.

நாமே செய்யலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிராசஸர் ஃபேனுக்கு நேரே கதவில் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபேனின் அகலத்தை அளந்து, கெட்டி அட்டையைக் குழாயாகச் சுருட்டுங்கள். இரண்டு முனையும் வெட்டிய குளிர்பான பாட்டிலும் ஆகும். கதவின் உட்புறம் இரட்டைப் பக்க டேப்பால் இறுக ஒட்டுங்கள். கதவை மூடும்போது குழாயின் வாய்க்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி அவசியம். இறக்கையில் உரசவே கூடாது. அலுமினியத் தாள் வேண்டவே வேண்டாம், போர்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

வெளித் துளைகள் மேல் பழைய கொசுவலைத் துண்டை ஒட்டினால் தூசி குறையும். மாதம் ஒருமுறை அதைத் துடையுங்கள். குழாய் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் பயாஸ் திரையில் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறையவில்லை என்றால் ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கலாம், அதைச் சுத்தம் செய்யுங்கள்.